இணையதளக் கணக்கைக் கணக்குப் பிரிவிடம் கேளுங்கள்

பெரிய நிறுவனங்களின் தளங்களை ஒன்றாக்கித் தரும் வேலைக்குப் போனால், நான் முதலில் போய் உட்காருவது கணக்குப் பிரிவில்தான். மொத்தம் எத்தனை தளம் என்று கணினிப் பிரிவு சொல்லும் எண்ணிக்கை அநேகமாகக் குறைவாகவே இருக்கும். டொமைனுக்கும் (தளத்தின் இணையப் பெயர்) ஹோஸ்டிங்குக்கும் (தளத்தை வைத்திருக்கும் கணினி இடம்) யாருக்கெல்லாம் பணம் போகிறது என்ற பட்டியலில் கூடுதலாகச் சில கிடைக்கும். தளத்தின் பாதுகாப்பான இணைப்புக்காக வாங்கும் எஸ்எஸ்எல் சான்றிதழ்கள் பொதுவெளியில் பதிவாகும் குறிப்பேடுகளில் தேடினால் இன்னும் சில. அதிலும் சிக்காதவை பழைய லெட்டர்ஹெட்டிலும் விழா அழைப்பிதழிலும் இருக்கும். வெள்ளி விழாவுக்கென்று ஒரு தளம், ஒரு துறைத்தலைவர் தன் சொந்தக் காசில் ஆரம்பித்த தளம் இப்படி. அவர் ஓய்வு பெற்றுப் போயிருப்பார், டொமைன் இன்னும் அவர் பெயரில் இருக்கும்.

‘போனால் போகட்டும்’ என்று அந்த டொமைனை விட்டுவிடக் கூடாது. காலாவதியான டொமைனை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். மற்ற தளங்களிலிருந்து வரும் பழைய இணைப்புகளுக்காகவே சூதாட்டத் தளக்காரர்கள் வாங்குகிறார்கள். கல்லூரிப் பெயரில் ரம்மி விளம்பரம் வந்தால் மானம்தான் போகும். மின்னஞ்சல் விஷயம் அதைவிட மோசம். அந்த டொமைனில் இருந்த முகவரிகளுக்கு வரும் கடிதமெல்லாம் புதிதாக வாங்கியவருக்குப் போகும். அந்த முகவரியில் தொடங்கிய கணக்கு எதற்கும் அவர் கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளலாம்.

பிரிட்டன் அரசு இந்த வேலையைப் பெரிய அளவில் செய்தது. அரசின் டிஜிட்டல் ஆலோசகராக இருந்த மார்த்தா லேன் ஃபாக்ஸ் 2010இல் தந்த பரிந்துரையை ஒட்டி, 2012 அக்டோபர் 17 அன்று டைரக்ட்கவ், பிசினஸ் லிங்க் என்ற இரண்டு அரசுத் தளங்களுக்குப் பதிலாக கவ்.யூகே என்ற ஒரே தளம் வந்தது. 2014 முடிவதற்குள் முந்நூறுக்கும் மேற்பட்ட அரசு அமைப்புகளின் பக்கங்கள் அங்கே வந்துவிட்டன. வடிவமைப்பை எல்லாரும் பாராட்டினார்கள். எனக்குப் பிடித்தது வேறு: பழைய முகவரிகளைத் தொலைக்காமல் புதிய பக்கத்துக்குத் திருப்பிவிட்டார்கள், நீக்கிய பக்கங்களைத் தேடி வருபவருக்குத் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ள பிரதியைக் காட்டினார்கள். நம் ஊர் ஒப்பந்தங்களில் இதற்கு ஒரு வரிகூட இருப்பதில்லை. புதுத்தளம் திறந்த மறுநாள், பழைய சுற்றறிக்கைகளில் உள்ள சுட்டிகள் எல்லாம் செத்துப் போகின்றன.

சரி, தளங்களையாவது ஒரு வழியாக்கிவிடலாம். ஆட்களின் விவரப் பதிவுகள் உள்ள தரவுத்தளங்களை இணைப்பதில்தான் உண்மையான பாடு. எஸ். முருகன், முருகன் எஸ், முருகன் சுப்பையா மூன்றும் ஒரே ஆளா? வெளிநாட்டு மென்பொருள் கடைசிப் பெயர் கட்டாயம் என்று கேட்டதால் ஒரு கிளையில் அப்பா பெயரையும் இன்னொரு கிளையில் வெறும் புள்ளியையும் போட்டிருப்பார்கள். திருமணத்துக்குப் பிறகு சில பெண்களுக்கு இனிஷியல் மாறியிருக்கும். கைபேசி எண்ணை வைத்துச் சேர்க்கலாம் என்றால் வீட்டில் நாலு பேருக்கும் ஒரே எண். பிறந்த தேதி தெரியாதவர்களுக்கெல்லாம் ஜனவரி 1. பழைய தமிழ்ப் பதிவுகள் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் இருந்தால், எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு முறைக்கு மாற்றிய பிறகுதான் ஒப்பிடவே முடியும். அதிலும் எந்தப் பதிவு எந்த எழுத்துருவில் அடித்தது என்று தனியாகக் கண்டுபிடிக்க வேண்டும்.

இதையெல்லாம் கணினியிடம் முழுதாக விட்டுவிட்டு ஒரே ராத்திரியில் முடிக்க நினைப்பது ஆபத்து. ஒருவருக்கு இரண்டு பதிவு இருந்தால் தொல்லை, அவ்வளவுதான். இரண்டு பேரை ஒருவராக்கிவிட்டால்? மருத்துவமனையில் ஒருவருக்குள்ள பென்சிலின் ஒவ்வாமை, இன்னொருவரின் ரத்த வகையோடு ஒரே பதிவில் கலந்துவிடும். சந்தேகமானவற்றை அந்தந்தக் கிளையில் பழகிய ஆள் ஒருவர் பார்த்து முடிவு செய்யட்டும். பழைய பதிவு எண்களை அழிக்காமல், எந்தப் பழைய எண் எந்தப் புதிய எண்ணுக்குப் போனது என்ற அட்டவணையை வைத்திருங்கள். தவறாகச் சேர்த்ததைப் பிரிக்க வேறு வழி கிடையாது.

அப்புறம், இணைத்து முடித்த கையோடு முன்மேசையையும் பாருங்கள். ‘புதிய பதிவு’ பொத்தான் முதலிலேயே கண்ணில் பட்டால், கூட்ட நேரத்தில் ஊழியர் யாரும் பழைய பதிவைத் தேட மாட்டார். தேடிப் பார்த்த பிறகே அந்தப் பொத்தான் தெரியும்படி திரையை மாற்றச் சொல்லுங்கள்.