கப்பலே காற்றுமானி

"பலமான காற்று" என்று கப்பலின் பதிவேட்டில் ஒருவர் எழுதிவைத்தால் அதற்கு என்ன பொருள்? பல புயல் கண்டவருக்கு அது ஒன்று. நேற்றுக் கப்பலேறிய பையனுக்கு வேறொன்று. 18ஆம் நூற்றாண்டுப் பதிவேடுகளில் இருந்த இந்தக் குழப்பத்துக்கு வழி கண்டவர் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி பிரான்சிஸ் போஃபர்ட்.

1774இல் அயர்லாந்தில் பிறந்தவர். 15 வயதில் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பலில் போனபோது, இன்றைய இந்தோனேசியாவின் காஸ்பர் நீரிணையில், வரைபடத்தில் இல்லாத திட்டில் மோதிக் கப்பல் அழிந்தது. மறு ஆண்டு கடற்படையில் சேர்ந்தார். 1796இல் லெப்டினன்ட். 1800இல் ஸ்பெயின் கரையோரம் எதிரிக் கப்பலைப் பிடிக்கப் போய் உடம்பில் 19 காயங்கள். அதற்குப் பலன் கமாண்டர் பதவி. ஆனால் அந்தக் கடற்படையில் பதவி வேறு, கப்பல் வேறு. பல ஆண்டுகள் அரைச் சம்பளத்தில் கரையில் கிடந்தார். 1805இல் ஒருவழியாகக் கிடைத்த 'வுல்விச்' போருக்கு அல்ல, சரக்கு சுமக்க.

அந்தக் கப்பலில் இருந்தபோதுதான், 1806 ஜனவரி 13 அன்று, காற்றுக்கு எண் கொடுக்கும் பட்டியலைத் தன் குறிப்பேட்டில் எழுதினார். யோசனை முழுக்க அவருடையது என்று சொல்லிவிட முடியாது. காற்றாலை எப்படிச் சுழல்கிறது என்பதை வைத்து ஜான் ஸ்மீட்டன் என்ற பொறியாளர் ஏற்கெனவே ஓர் அளவு வகுத்திருந்தார். அதைக் கடலுக்குக் கொண்டுவர முயன்றவர் அலெக்சாண்டர் டால்ரிம்பிள். சிறுவயதில் சென்னைக்கு வந்து கம்பெனியில் எழுத்தராக இருந்தவர். போஃபர்ட் செய்தது என்னவென்றால், காற்றாலைக்குப் பதிலாகக் கப்பலையே கருவியாக்கியது. சீக்கிரமே ஒவ்வொரு எண்ணுக்கும் பாய்களின் கணக்கைச் சேர்த்தார்.

மெல்லிய காற்றில் எல்லாப் பாய்களும் விரிந்திருக்கும். அப்போது கப்பலின் வேகமே அளவு: 1 முதல் 2 நாட் (ஒரு நாட் என்பது மணிக்குச் சுமார் 1.85 கிலோமீட்டர்) போனால் எண் 2, 5 முதல் 6 நாட் போனால் எண் 4. அதற்கு மேல் வேகத்தை நம்ப முடியாது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் பாயின் மேல் அழுத்தம் நான்கு மடங்காகும். அப்படியே விட்டால் பாய்மரம் முறியும். ஆகவே கேப்டன் பாய்களை ஒவ்வொன்றாகக் குறைப்பார், சிலவற்றைப் பாதி சுருட்டிக் கட்டுவார். அப்புறம் அளவு தலைகீழாகிறது: எவ்வளவு பாய் மிச்சம்? எண் 10இல் இரண்டே பாய்கள், அவையும் சுருக்கிக் கட்டியவை. எண் 11இல் புயலுக்கென்றே வைத்திருக்கும் சிறு பாய்கள் மட்டும். எண் 12இல் எந்தத் துணியும் நிற்காது.

எவ்வளவு பாய் விரிப்பது என்பது எந்தக் கேப்டனும் நாள் முழுக்க எடுத்துக்கொண்டிருந்த முடிவுதான். புதிதாக ஒரு கருவியும் வாங்க வேண்டாம்; ஆடுகிற தளத்தில் எதையும் நிறுத்திப் பிடிக்கவும் வேண்டாம். என் கணக்கில் போஃபர்ட்டின் கெட்டிக்காரத்தனமே இதுதான்.

1829இல் அவர் கடற்படையின் கடல் வரைபடத் துறைத் தலைவரானார். டார்வின் போன பீகிள் கப்பலில் இந்த அளவு பயன்பட்டது; 1838இல் கடற்படை முழுவதற்கும் கட்டாயமானது. பாய்க்கப்பல்கள் மறைந்ததும் எண்களுக்கு அலைகளின் தோற்றத்தையும் காற்றின் வேகத்தையும் பொருத்தினார்கள்.

நம் வானிலை மையம் மணிக்கு 62 கிலோமீட்டரில் 'புயல்' என்கிறது. அது போஃபர்ட் எண் 8. 'தீவிரப் புயல்' 89இல் தொடங்குகிறது, எண் 10. 'மிகத் தீவிரப் புயல்' 118இல். அதுதான் எந்தப் பாயும் தாங்காத அந்த 12.