வெடித்தது வெளி டயர், பார்க்க வேண்டியது உள் டயர்

போன வாரம் மட்டும் மூன்று பேர். மூன்று பேருமே கிழிந்த டயரைப் பட்டறை வாசலில் உருட்டிப் போட்டுவிட்டு ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "அண்ணா, இந்தக் கம்பெனி டயர் ஓடவே மாட்டேங்குதுங்க. வேற எந்தக் கம்பெனி போடலாம்?" நாமக்கல்லில் ரீட்ரேடிங் பட்டறை (தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் போடுகிற பட்டறை) வைத்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. இதற்குப் பதில் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

மூன்றாவதாக வந்தவருடையது பத்துச் சக்கர வண்டி. தாவணகெரேயிலிருந்து இங்கே கோழித் தீவன ஆலைகளுக்கு மக்காச்சோளம் ஏற்றி வருகிற வண்டி. லாரியின் பின்னால் ஒவ்வொரு பக்கமும் டயர்கள் ஜோடி ஜோடியாக இருக்கும்; வெளியே தெரிவது வெளி டயர், அதற்குப் பின்னால் மறைந்திருப்பது உள் டயர். இவருக்குப் பின் இடது பக்க வெளி டயர் கிருஷ்ணகிரி தாண்டி வெடித்திருக்கிறது. "இதோட மூணு கம்பெனி மாத்திட்டேனுங்க" என்றார். டயரை விடுங்கள், வண்டியைக் கொண்டு வாருங்கள் என்றேன். மறுநாள் காலை, வண்டி ராத்திரி முழுக்க நின்று டயர் ஆறியிருந்த நேரத்தில், காற்று அளக்கிற கேஜை எடுத்துக்கொண்டு கீழே உட்கார்ந்தேன்.

வெளி டயர்கள் எல்லாம் 112, 114, 116 பவுண்டு. அருமை. உள் டயர்கள்? 74, 80, 70. வெடித்த டயருக்கு ஜோடியாக இருந்த உள் டயரில் 62!

டிரைவர் தம்பி பக்கத்தில்தான் நின்றார். "வாரா வாரம் காத்து பாக்கறோமுங்ணா" என்றார். பொய் சொல்லவில்லை. வெளி டயரில் பார்த்திருக்கிறார். உள் டயரின் வால்வு இரண்டு டிஸ்குக்கும் (சக்கர வட்டுக்கும்) நடுவே, சேறு அப்பிக் கிடக்கும். கை விட்டுத் தொட வேண்டும், சில நேரம் சுடும். முன்பு கிளீனர் பையன் ஒருவன் இருப்பான், அவன் வேலை அது. இப்போது பல வண்டிகளில் கிளீனரே கிடையாது. ஒற்றை ஆளாக ஓட்டி, இறக்கி, தார்ப்பாய் கட்டி வருகிற மனிதனிடம் போய் எப்படிக் கோபப்படுவது? ஓனரிடம்தான் சொன்னேன். உள் வால்வை வெளியே நீட்டுகிற எக்ஸ்டென்ஷன் குழாய் போட ஆகிற செலவு, ஒரு டயர் விலையில் ஒரு துளி.

உள் டயரில் காற்று இறங்கினால் அதன் பங்கு பாரமும் வெளி டயர் மேல் ஏறும். சூடாகும், வெடிக்கும். வெடித்ததை மட்டும் தூக்கிக்கொண்டு டீலரிடம் கிளெய்முக்குப் போவீர்கள். அவர்கள் பார்த்துவிட்டு ஓவர்லோடு என்று திருப்பி அனுப்புவார்கள். நீங்கள் கம்பெனியைத் திட்டுவீர்கள். அறுபத்திரண்டில் ஓடிக்கொண்டிருந்த டயரை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

இப்போது இந்தக் கம்பெனி விஷயத்துக்கு வருகிறேன். எம்.ஆர்.எஃப் நல்லதா, அப்பல்லோ நல்லதா, ஜே.கே.யா, சியட்டா என்று கேட்கிறீர்கள். நான் கேட்பது வேறு. எந்த வண்டிக்கு? எந்த ரூட்டுக்கு? முன்னாலா, பின் ஆக்சில் ஹவுசிங்கிலா? குவாரிக்குள் போய் வருகிற டிப்பருக்கு வெட்டுப்படாத ரப்பர் வேண்டும். நாலுவழிச் சாலையில் ஓடுகிற டிரெய்லருக்குச் சூடாகாத ரப்பர் வேண்டும். இரண்டு குணமும் ஒரே ரப்பரில் முழுசாக வராது. ஒரே கம்பெனியே இந்த வேலைக்கு ஒன்று, அந்த வேலைக்கு ஒன்று என்று தனித்தனி மாடல் போடுவது அதற்குத்தான். மணல் வண்டி ஓட்டுகிற மச்சான் "சூப்பரா ஓடுது" என்றான் என்று அதே டயரை வாங்கி மும்பை லைனில் போட்டால் அது என்ன செய்யும்? உங்கள் டயர் தோற்றதும் கம்பெனியால் இல்லை, மச்சான் டயர் ஓடியதும் கம்பெனியால் இல்லை. ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே வாரத்தில் தயாரான டயர்கள் இரண்டு ஓனரிடம் போய், ஒன்று உள்ளே இருக்கிற கம்பி தெரிகிற அளவு தேய்ந்தும், இன்னொன்று பாதிப் பட்டனோடும் (பட்டன் என்றால் தரையில் படுகிற ரப்பர் கட்டை) என் பட்டறைக்கே வந்திருக்கின்றன.

"அவன் எண்பதாயிரம் கிலோமீட்டர் ஓட்டினான்" என்ற கணக்கையும் விடுங்கள். எந்த நிலையில் கழற்றினான் என்று தெரியாமல் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. மில்லிமீட்டர் கணக்கு போடுங்கள். புதிதாக மாட்டும்போது முன் டயரின் பள்ளம் 15 மில்லிமீட்டர், 20,000 கிலோமீட்டரில் 11 என்றால், ஒரு மில்லிமீட்டருக்கு 5,000 கிலோமீட்டர். இப்படி எழுதி வைத்தால் எந்தக் கம்பெனி உங்கள் வண்டிக்கு ஒத்துவருகிறது என்று ஒரு வருடத்தில் உங்கள் நோட்டே சொல்லிவிடும். என்னைக் கேட்க வேண்டியதில்லை.

இன்னொன்று. டயர் பக்கவாட்டில் 146/143 என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பலர் அதை ஏதோ கம்பெனி நம்பர் என்று நினைக்கிறார்கள். ஒரு டயர் எவ்வளவு பாரம் தாங்கும் என்பதற்கான குறியீடு அது. முதல் எண் ஒற்றையாக ஓடினால், இரண்டாவது எண் ஜோடியாக ஓடினால். 146 என்றால் 3,000 கிலோ, 143 என்றால் 2,725 கிலோ. 10.00ஆர்20 அளவில் 16 பிளை (பிளை என்பது டயரின் பலத்தைச் சொல்லும் எண்) டயருக்கு இதுதான் வழக்கமான எண். நான்கு டயர் உள்ள பின் ஆக்சிலுக்குக் கணக்கு போட்டால் 10,900 கிலோ வருகிறது. 2018-இல் அரசாங்கம் அந்த ஆக்சிலுக்கு 10.2 டன்னிலிருந்து 11.5 டன் என்று உயர்த்தியது. லோடு ஏற்றினீர்கள், சரி. டயரை ஏற்றினீர்களா? ஆறு சக்கர வண்டிக்காரர்கள் இதைக் கட்டாயம் பாருங்கள். 149/146 போட்ட 18 பிளை டயர் இருக்கிறது, அதில் நான்கு சேர்ந்தால் 12,000 கிலோ தாங்கும். இதெல்லாம் சட்டம் அனுமதிக்கிற பாரத்துக்குச் சொல்கிறேன். அதற்கு மேல் ஏற்றுகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

ராடால் தட்டிக் காற்று பார்க்கிற பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். தட்டினால் முழுக்க இறங்கிய டயர் தெரியும், அவ்வளவுதான். எழுபதுக்கும் நூறுக்கும் காதில் வித்தியாசம் தெரியாது, எனக்கே தெரியாது. கேஜ் வாங்குங்கள். காலையில் வண்டி எடுக்கும் முன் பாருங்கள். ஓடி வந்த சூட்டில் பத்துப் பதினைந்து பவுண்டு கூடத்தான் காட்டும். உடனே "காத்து ஜாஸ்தி" என்று பிடுங்கி விடாதீர்கள். டயர் ஆறியதும் அளவுக்குக் கீழே போய் நிற்கும்.

ஜோடி போடும்போது ஒரு புது டயர், ஒரு தேய்ந்த டயர் என்று சேர்க்காதீர்கள். பட்டன் உயரத்தில் 3 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வேண்டாம். நூல் அடுக்கிய நைலான் டயரையும் கம்பி அடுக்கிய ரேடியல் டயரையும் ஒரே ஆக்சிலில் கலக்கவே கூடாது. ரீட்ரேட் டயரை முன்னால் போடாதீர்கள், ரீட்ரேட் போடுகிற நானே சொல்கிறேன். முன் டயரில் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்தால் அலைன்மென்ட், கிங்பின், ஹப் பேரிங் மூன்றையும் பாருங்கள். டயரைத் திருப்பிப் போட்டு ஓட்டினால் மறு ஓரமும் போகும்.

தொப்பூர் இறக்கத்தில் நியூட்ரலில் விடுகிற தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. டீசல் மிச்சம் என்று நினைக்கிறீர்கள். ஆனால் பிரேக்கை மிதித்துக்கொண்டேதான் இறங்குகிறீர்கள். பிரேக் டிரம்மின் சூடு டிஸ்க் வழியாக டயரின் பீடுக்கு, அதாவது டிஸ்கைக் கவ்வுகிற ஓரத்துக்கு, போகிறது. பீட் கருகி, விரலால் நோண்டினால் பொடிப்பொடியாக உதிர்கிற டயர்களை மாதாமாதம் கழித்துப் போடுகிறேன். மேலே பட்டன் பாதி இருக்கும், கேசிங் (டயரின் உடம்பு) செத்திருக்கும். டயரை விடுங்கள், அந்த இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போனவர்களின் கதை உங்களுக்கே தெரியும்.

கம்பி தெரிகிற வரை ஓட்டிவிட்டு ரீட்ரேடுக்குக் கொண்டு வருவதும் இதே மாதிரிதான். மூன்று நான்கு மில்லிமீட்டர் மிச்சம் இருக்கும்போது கழற்றினால் அந்தக் கேசிங்குக்கு இன்னொரு ஆயுள் கொடுக்க முடியும். கடைசி மில்லிமீட்டருக்கு ஆசைப்பட்டு அந்த இன்னொரு ஆயுளையே தொலைக்கிறீர்கள்.

கடைசியாக, பஞ்சர் கடைத் தம்பிகளுக்கு. இதை மட்டுமாவது முழுக்கப் படியுங்கள். 62 பவுண்டில் ஓடிய அந்த உள் டயரைப் பற்றி ஓனர் என்ன சொன்னார் தெரியுமா? "காத்து புடிச்சு உட்ருங்ணா, ஓடட்டும்." நான் பிடிக்கவில்லை. கழற்றி உள்ளே டார்ச் அடித்துக் காட்டினேன். உள் பக்கச் சுவரில் சுற்றிலும் ஒரு வரி, தோல் மடிந்த மாதிரி. அதற்குள் கம்பிகள் ஒவ்வொன்றாக அறுந்திருக்கின்றன. வெளியே இருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது. இப்படிக் காற்று இறங்கி ஓடிய ரேடியல் டயரில் மறுபடி நூறுக்கு மேல் ஏற்றினால் ஜிப் பிரிகிற மாதிரி பக்கச் சுவர் ஒரே நொடியில் திறக்கும். எதிரே உட்கார்ந்திருப்பவர் பிழைப்பது கஷ்டம். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் காற்று குறைந்து ஓடியிருந்தால், கழற்றி உள்ளே பார்க்காமல் காற்று ஏற்றாதீர்கள். ஏற்றும்போது இரும்புக் கூண்டுக்குள் வையுங்கள். நீள ஹோஸ் போட்டு, டயருக்கு நேராக இல்லாமல் பக்கத்தில் தள்ளி நில்லுங்கள். உள்ளே படபடவென்று சின்னச் சத்தம் கேட்டால் கிட்டே போகாதீர்கள், குனிந்து காது வைத்துக் கேட்காதீர்கள். தள்ளி நின்றபடியே காற்றை இறக்கிவிடுங்கள். ஓனர் அவசரப்பட்டால் என் பட்டறைக்கு அனுப்புங்கள், நான் பேசிக்கொள்கிறேன்.