விடையை உடனே சொல்லிவிடாதீர்கள்

குடும்பங்களுக்கான அறிவியல் பட்டறைகள் நடத்துவது என் தொழில். பெற்றோர் முதலில் கேட்பது, எந்தப் பரிசோதனைப் பெட்டியை வாங்கலாம் என்பதுதான். பெட்டியே வேண்டாம் என்பேன். வீட்டில் தட்டு, தண்ணீர், கண்ணாடி டம்ளர், மெழுகுவத்தி இல்லாமலா போகும்? பெரும்பாலும் இல்லாமல் போவது பெரியவர்களின் பொறுமைதான்.

மெழுகுவத்தியையே எடுத்துக்கொள்வோம். தட்டில் நிறுத்திக் கொளுத்தி, சுற்றிலும் தண்ணீர் ஊற்றி, டம்ளரைக் கவிழ்த்தால் சுடர் அணையும். தண்ணீர் டம்ளருக்குள் ஏறும். உடனே யாராவது ஒருவர், "ஆக்சிஜன் எரிந்து தீர்ந்தது, அந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொண்டது" என்று பேச்சை முடித்துவிடுவார். காற்றில் ஆக்சிஜன் சுமார் 21 சதவீதம். தண்ணீரும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு ஏறிவிட்டால் கேட்கவே வேண்டாம். பல புத்தகங்களும் இதையே எழுதி வந்திருக்கின்றன.

ஒருமுறை பட்டறையில் ஒரு சிறுமி, "அணைந்த பிறகுதானே ஏறுகிறது?" என்றாள். அவளுடைய அப்பா அவசரமாகத் திருத்தப் போனார். சரியாகப் பார்த்தவள் அவள்தான். ஆக்சிஜன் தீரத் தீரத் தண்ணீர் ஏறுவதானால், சுடர் எரியும்போதே சீராக ஏறியிருக்க வேண்டும். அதே டம்ளருக்குள் மூன்று மெழுகுவத்திகளை வைத்துப் பாருங்கள். தண்ணீர் இன்னும் உயரமாக ஏறும். ஆக்சிஜனின் அளவு மாறவில்லை, சூடுதான் கூடியிருக்கிறது. சூட்டில் விரிந்த காற்றில் கொஞ்சம் விளிம்பு வழியே குமிழிகளாக வெளியேறிவிடுகிறது. சுடர் அணைந்ததும் மிச்சக் காற்று குளிர்கிறது, உள்ளே அழுத்தம் குறைகிறது, வெளிக்காற்று தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. சுடர் அணையும்போதுகூட உள்ளே கணிசமான ஆக்சிஜன் மீந்திருக்கும்.

இவ்வளவையும் நாமே சொல்ல வேண்டியதில்லை. டம்ளரைக் கவிழ்க்கும் முன், என்ன நடக்கும் என்று ஆளுக்கொரு ஊகத்தைத் தாளில் எழுதச் சொல்லுங்கள். எழுதியவர் தன் ஊகத்தை அவ்வளவு எளிதில் கைவிட மாட்டார்; அதனால் கண்ணைக் கூர்மையாக்கிக்கொண்டு பார்ப்பார். மறுமுறை செய்யும்போது ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். டம்ளரையும் மெழுகுவத்தியையும் சேர்த்து மாற்றினால் எதனால் என்ன ஆனது என்றே தெரியாது.

நாள் கணக்கில் காத்திருக்க முடிந்த பிள்ளைகளுக்கு அவரை விதை நல்லது. டம்ளரின் உட்புறம் ஈரத் தாளைச் சுற்றி, தாளுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் விதையைச் செருகுங்கள். வேர் ஓர் அங்குலம் நீண்டதும் மிகுதித் தண்ணீரைக் கொட்டிவிட்டு டம்ளரைப் பக்கவாட்டில் படுக்க வையுங்கள். மறுநாள் வேரின் நுனி கீழ்நோக்கி வளைந்திருக்கும். வெளிச்சத்துக்குப் பயந்து ஒளிகிறதோ என்று பிள்ளை கேட்டால், அருமையான கேள்வி. இன்னொரு டம்ளரை இருட்டு அலமாரிக்குள் படுக்க வைத்தால் தெரிந்துவிடும். 1806இல் தாமஸ் ஆண்ட்ரூ நைட் என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர் விதைகளை வேகமாகச் சுழலும் சக்கரத்தில் கட்டி வளர்த்தார். வேர்கள் வெளிப்புறமாகவும் தண்டுகள் மையத்தை நோக்கியும் வளர்ந்தன. சுழலும் சக்கரம் எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கம் வேர் போகிறது; அசையாத டம்ளரில் அது பூமி இழுக்கும் பக்கம், அதாவது கீழே. விதை அழுகிவிட்டால் அதையும் வரைந்து, தேதி போட்டு வைக்கச் சொல்லுங்கள்.

புழு வளர்க்க ஆசைப்பட்டால், எந்தச் செடியில் கிடைத்ததோ அதே செடியின் இலையைக் கொடுங்கள். பெரும்பாலான புழுக்கள் வேறு இலையைத் தொடாமல் பட்டினி கிடக்கும். உடலில் முடியுள்ள புழுவை வெறும் கையால் தொடக் கூடாது.

சில விஷயங்களில் மட்டும் பிள்ளையின் ஊகத்துக்கு இடமில்லை. ப்ளீச்சிங் திரவத்தையும் கழிவறை கழுவும் அமிலத்தையும் ஒருபோதும் கலக்கக் கூடாது. நச்சான குளோரின் வாயு கிளம்பும். பூதக்கண்ணாடி வழியே சூரியனைப் பார்க்கக் கூடாது. பட்டன் பேட்டரியும் சிறு காந்தங்களும் சின்னக் குழந்தையின் கைக்கு எட்டவே கூடாது. உணவுக்குழாயில் சிக்கிய பட்டன் பேட்டரி இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே கடுமையாகப் புண்ணாக்கிவிடும். விழுங்கியிருக்குமோ என்ற சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்க வைக்க முயலாமல் நேரே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.