உயில்னு நினைச்சு செட்டில்மென்ட்ல கையெழுத்து போட்டுடாதீங்க

"வீட்ட பையன் பேருக்கு எழுதி வச்சுட்டேன் சார்"னு யாராவது சொன்னா நான் முதல்ல கேக்கறது, எழுதுனது உயிலா, இல்ல உயிரோட இருக்கும்போதே சொத்த மாத்திக் குடுக்கற செட்டில்மென்ட் பத்திரமாங்கிறதுதான். நெறைய பேருக்கு தெரியாது. ரிஜிஸ்டர் ஆபீஸ் போனோம், போட்டோ எடுத்தாங்க, கைரேகை வச்சாங்கன்னு சொல்வாங்க. உயில ரிஜிஸ்டர் பண்ணாலும் இதெல்லாம் உண்டுங்க, அத வச்சு ஒன்னும் கண்டுபிடிக்க முடியாது.

உயில் எழுதுனா உங்க காலத்துக்கு அப்புறம்தான் அது செல்லுபடியாகும். அதுவரைக்கும் வீடு உங்களோடது, விக்கலாம், அடமானம் வைக்கலாம், மனசு மாறினா வேற உயில் எழுதலாம், கடைசியா எழுதுனதுதான் நிக்கும். ஸ்டாம்ப் பேப்பர் வேணாம், வெள்ளத்தாள் போதும், ரிஜிஸ்டரும் கட்டாயமில்ல, ஆனா ரெண்டு சாட்சி கண்டிப்பா வேணும். சாட்சிய கொஞ்சம் வயசு கம்மியான ஆளா பாருங்க, நாளைக்கு கோர்ட்டுக்கு வந்து சொல்ல அவர் இருக்கணும்ல.

செட்டில்மென்ட் அப்படியில்ல, ரிஜிஸ்டர் ஆனதுமே சொத்து கைமாறிடுச்சு. எழுபது வயசு தாண்டின ஒரு அம்மா வந்தாங்க, வில்லங்கச் சான்று (சொத்து மேல என்னென்ன பத்திரம் பதிவாகியிருக்குன்னு காட்டறது) போட்டு பாத்தா வீட்ட மகன் பேங்க்ல அடமானம் வச்சிருக்கார். "நான் போனப்புறம்தானே தம்பி அவனுக்கு?"னு கேக்கறாங்க. பத்திரத்துல "இன்று முதல் நீயே சர்வ சுதந்திர பாத்தியங்களுடன் ஆண்டு அனுபவித்துக் கொள்ள வேண்டியது"ன்னு தெளிவா இருக்கு. உயிலா இருந்தா அந்த இடத்துல "என் ஆயுளுக்குப் பின்"னு இருந்திருக்கும். பத்திரம் எழுதறவர் கடகடன்னு வாசிச்சு காட்டும்போது இந்த வரியெல்லாம் யார் காதுல விழுது?

எழுதிட்டு அப்புறம் வேணாம்னா, நீங்க மட்டும் தனியா போய் ரத்துப் பத்திரம் போட்டுட முடியாது, கோர்ட்டுக்குத்தான் போகணும். அறுபது வயசு ஆனவங்களுக்கு இன்னொரு வழியும் இருக்கு. 2007 பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்துல 23வது பிரிவுப்படி, பாத்துக்கணும்கிற நிபந்தனையோட எழுதிக் குடுத்து, வாங்குனவர் பாத்துக்கலன்னா ஆர்.டி.ஓ.கிட்ட (வருவாய் கோட்டாட்சியர்) மனு குடுக்கலாம், அந்தப் பத்திரம் செல்லாதுன்னு அவர் உத்தரவு போடலாம். பெத்தவங்களுக்கு சாதகமாத்தான் இந்தச் சட்டத்த பாக்கணும்னு 2025 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் சொல்லியிருக்கு. ஆனா நிபந்தனை பத்திரத்துலயே இல்லன்னா இழுபறிதான், எதிர்தரப்பு வக்கீல் முதல் கேள்வியே அதத்தான் கேப்பார். அதனால செட்டில்மென்ட்தான் எழுதணும்னு முடிவு பண்ணிட்டா, "பராமரிக்க வேண்டியது"ங்கிற வரியையும், ஆயுசு முழுக்க அந்த வீட்ல நீங்க இருக்கற உரிமையையும் சேத்து எழுதச் சொல்லுங்க, பையன் மூஞ்சி சுருங்கினாலும் பரவாயில்ல.

பவர், அதாவது பவர் ஆஃப் அட்டர்னி, வேற கதை. பவர் வாங்குனவர் உங்களுக்காக வேல பாக்கற ஏஜென்ட்தான், ஓனர் கிடையாது, பவர் பத்திரத்த மட்டும் வச்சு சொத்து கைமாறாதுன்னு 2011லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு. பொதுவா பவர் குடுத்தவர் இறந்துட்டா அதோட அந்த பவரும் முடிஞ்சுது.

ஏற்கனவே ஏதோ எழுதிட்டீங்க, என்னன்னு ஞாபகமில்ல, பத்திரமும் பையன்கிட்ட இருக்கா? பதிவுத்துறை வெப்சைட்ல சர்வே நம்பர் போட்டு வில்லங்கம் பாருங்க. செட்டில்மென்ட்னா அதுல வந்துடும், உயில் அதுல வராது.