வயிற்றுவலியோடு வரும் குழந்தைக்கு எக்ஸ்ரே எதற்கு?

ராத்திரி நேரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதபடி கேஷுவாலிட்டிக்கு வரும் குழந்தைகளில் நிறையப் பேருக்குக் காரணம் மலச்சிக்கல்தான். ஆனால் அதை எக்ஸ்ரே எடுத்துக் கண்டுபிடிக்கும் பழக்கம் எனக்குக் கவலையாகவே இருக்கிறது.

தினமும் ஒழுங்காக மலம் போகிற குழந்தைக்கு எடுத்தாலும் படத்தில் குடலில் மலம் தெரியும். ஒரே படத்தை இரண்டு டாக்டர்கள் இரண்டு விதமாகச் சொல்வார்கள். அதைவிட ஆபத்து, "மலம் தேங்கியிருக்கு" என்று பார்த்த உடனே வேறு எதையும் தேடாமல் இனிமா கொடுத்து அனுப்பிவிடுவது. அப்பெண்டிக்ஸ், குடல் செருகல் (குடலின் ஒரு பகுதி இன்னொரு பகுதிக்குள் நுழைந்துகொள்வது), பையன்களுக்கு விதை முறுக்கிக்கொள்வது (அதனால்தான் ஜட்டியைக் கழற்றிப் பார்க்கிறோம், தயவுசெய்து தடுக்காதீர்கள்) எல்லாம் வயிற்றுவலியாகத்தான் வரும். டொரண்டோவில் 2014ல் வெளியான ஓர் ஆய்வில், மலச்சிக்கல் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பப்பட்டு, பிறகு வேறு பெரிய நோய் என்று தெரியவந்த குழந்தைகளுக்குத்தான் மற்றவர்களைவிட அதிகமாக எக்ஸ்ரே எடுக்கப்பட்டிருந்தது.

சரி, எப்படித்தான் கண்டுபிடிப்பது? கேட்டும், வயிற்றைத் தொட்டுப் பார்த்தும்தான். வாரத்துக்கு எத்தனை தடவை போகிறான், கெட்டியாக, வலியோடு, டாய்லெட்டே அடைத்துக்கொள்ளும் அளவுக்குப் பெரிதாகப் போகிறானா, மூலையில் நின்று காலைப் பின்னிக்கொண்டு அடக்குகிறானா, ஜட்டியில் கறை படுகிறதா? கடைசிக் கேள்விக்குப் பல அம்மாக்கள் "லூஸ் மோஷன் டாக்டர்" என்பார்கள். கெட்டிப்பட்ட மலத்தைச் சுற்றித் தண்ணீராகக் கசிவது அது, பேதியை நிறுத்தும் மருந்து கொடுத்தால் இன்னும் இறுகும். இவற்றில் குறைந்தது இரண்டு அறிகுறிகள் ஒரு மாதமாக இருந்தால் பெரும்பாலும் படமே தேவையில்லை.

பச்சையாக வாந்தி, காய்ச்சல், வீங்கிய வயிறு, வலது பக்கம் கீழே போய் நிற்கிற வலி, பிறந்து 48 மணி நேரம் தாண்டியும் முதல் கறுப்பு மலம் போகாத கதை, இவற்றில் ஒன்று இருந்தாலும் மலச்சிக்கல் என்ற பேச்சோடு நிறுத்தவே கூடாது. தாய்ப்பால் மட்டும் குடிக்கிற, ஒரு மாதம் தாண்டிய குழந்தை நன்றாக எடை ஏறி, சில நாள் கழித்து இளக்கமாகப் போனால் அது நோயே இல்லை.

அப்புறம் ஒன்று, வெற்றிலைக் காம்பு, சோப்புத் துண்டு எதையும் ஆசனவாயில் வைக்காதீர்கள். புண்ணாகும், வலிக்குப் பயந்து பிள்ளை இன்னும் அடக்கும். மலத்தை இளக்கும் பாலிஎத்திலீன் கிளைக்கால் பவுடரை எழுதிக் கொடுத்தால், ஒரு வாரத்தில் சரியானதும் "பழகிடும்" என்று நிறுத்திவிடுகிறார்கள். அது பழக்கமாகாது, குறைந்தது இரண்டு மாதம் கொடுத்து, டாக்டரைக் கேட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும்.