மர அம்பு வாங்குமுன் நாரைப் பாருங்கள்

என்னிடம் மரவில் பழக வருபவர்கள் வில்லைத் தேர்ந்தெடுக்க மாதக்கணக்கில் விசாரிக்கிறார்கள். அம்பு என்று வரும்போது மட்டும் பக்கத்துக் கடைசல் பட்டறையில் எட்டு எம்.எம். உருட்டுக் கம்பை ஒரு கட்டு வாங்கி, முனையையும் இறகையும் ஒட்டிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். "ஏனுங்க சார், கம்பு நேராத்தானுங்க இருக்குது, இதுல என்னங்க குறை?" என்று பெற்றோர் கேட்பார்கள். கம்பு நேராகத்தான் இருக்கும், கடைசல் இயந்திரம் எதையும் நேராக்கித் தந்துவிடும். உள்ளே ஓடும் நார் நேராக இருக்கிறதா என்பதுதான் கேள்வி. வில்வித்தைப் பயிற்சியும் மர அம்பு செய்வதும் தொழிலாக இருப்பதால், இதை விரிவாகவே எழுத வேண்டும் என்று தோன்றியது.

நாணை விட்டதும் அம்பு விறைப்பாக அப்படியே பாய்வதில்லை. பின்னாலிருந்து நாண் தள்ளுகிறது, முன்னால் முனையின் எடை அதைத் தடுக்கிறது, நடுவில் தண்டு வளைகிறது. ஒரு பக்கம் வளைந்து, மறுபக்கம் நெளிந்து, வில்லின் பிடியைச் சுற்றிக்கொண்டுதான் வெளியேறுகிறது. 1930களில் அமெரிக்க இயற்பியலாளர் கிளாரன்ஸ் ஹிக்மன் அதிவேகக் கேமராவில் பிடித்த படங்களில் இது தெளிவாகத் தெரிகிறது. நார் நீளவாக்கில் ஓடும் தண்டு இந்த வளைவைத் தாங்கிவிடும். நார் சாய்வாக ஓடும் தண்டு அந்தச் சாய்விலேயே பிளந்துகொள்ளும். பிளந்த முனை ஈட்டிபோல் கூராக இருக்கும், அந்தப் பின்பாதியை நாண் இன்னும் தள்ளிக்கொண்டிருக்கும். அது போய் ஏறும் இடம், வில்லைப் பிடித்திருக்கும் கையின் கட்டைவிரல் அடியோ மணிக்கட்டோ முன்கையோதான். அப்படி ஏறிவிட்டால் பிடுங்காதீர்கள். அசையாதபடி துணியால் அணைத்துக் கட்டி, நேராக மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

சரி, நாரை எப்படிப் பார்ப்பது? தண்டை வெயில் வெளிச்சத்தில் பிடித்து மெதுவாகச் சுழற்றுங்கள். இரண்டு பக்கங்களில் ரேகைகள் நெருக்கமான கோடுகளாக ஓடும். மற்ற இரண்டு பக்கங்களில் அகலமாக, அங்கங்கே கூர்முனைகளாக முடியும். அந்தக் கூர்முனை ஒவ்வொன்றும் மரத்தின் ஒரு வளர்ச்சி வளையம் தண்டைவிட்டு வெளியே ஓடிவிட்ட இடம். அவை எவ்வளவு குறைவோ, எவ்வளவு நீண்டு படுத்திருக்கின்றனவோ, அவ்வளவு நல்லது. பக்கவாட்டில் ஒரு கோட்டைப் பிடித்து விரலால் தொடர்ந்து போங்கள். ஓர் அடி நீளம்கூட ஓடாமல் விளிம்பைத் தாண்டிவிட்டால் அந்தத் தண்டை நான் எடுப்பதில்லை. கணு இருந்தாலும் எடுப்பதில்லை, அது குண்டூசித் தலை அளவே இருந்தாலும் சரி.

ரேகை மட்டும் போதாது, சில மரங்களில் நார் திருகி ஓடும். நம்மூர்த் தைல மரம் அப்படிப்பட்டது. கண்ணுக்கு ஒழுங்காகத் தெரிந்தாலும் உள்ளே திருகல் இருக்கும். தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்கு வளர்க்கும் சில்வர் ஓக்கில் வலைப்பின்னலாகத் தெரியும் பொட்டுகள் ரேகையே அல்ல, அவற்றைப் பார்த்து ஏமாற வேண்டாம். சந்தேகம் வந்தால் மை பேனாவால் ஒரு சொட்டு வையுங்கள். மை நார் போகும் திசையில்தான் கசிந்து ஓடும். அதைவிட உறுதியான வழி, அதே பலகையின் வெட்டுத் துண்டு ஒன்றைக் கத்தி வைத்துப் பிளந்து பார்ப்பது. பிளவு நேராக இறங்கினால் தண்டுக்கு ஆகும். ஓரத்துக்கு ஓடினால் வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

"தேக்கு, கருவேலம் மாதிரி கெட்டி மரமா வேணுமுங்க" என்று கேட்டு வருபவர்கள் உண்டு. அம்புக்குக் கெட்டி மரம் கட்டாயமில்லை. 1545இல் மூழ்கி 1982இல் மேலே எடுக்கப்பட்ட மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலில் ஆயிரக்கணக்கான அம்புகள் கிடைத்தன. அவற்றில் பெரும்பாலானவை பாப்லர் என்ற லேசான மரம். அமெரிக்காவின் ஓரிகான் கரையோரத்து போர்ட் ஆர்ஃபோர்ட் சீடர் பல தலைமுறைகளாகப் பெயர் வாங்கியதும் கெட்டித்தனத்துக்காக அல்ல. லேசான எடை, நேரான நார், வளைந்து உடனே நிமிரும் குணம் இவற்றுக்காகத்தான்.

அப்புறம் விறைப்பு. இதை ஸ்பைன் என்போம். வீட்டிலேயே அளக்கலாம். 26 அங்குல இடைவெளியில், அதாவது 66 செ.மீ.க்கு இரண்டு ஆணிகள் அடித்து, தண்டை அவற்றின்மேல் வைத்து, நட்டநடுவில் இரண்டு பவுண்டு, சுமார் 907 கிராம், தொங்கவிடுங்கள். எத்தனை மில்லிமீட்டர் தாழ்கிறது என்று பார்த்து, 660ஐ அந்த எண்ணால் வகுத்தால் ஸ்பைன் பவுண்டில் வந்துவிடும். 16.5 மி.மீ. தாழ்ந்தால் 40 பவுண்டு, 22 மி.மீ. தாழ்ந்தால் 30. வளைய ரேகை குத்தாக நிற்கும் பக்கமும் படுத்திருக்கும் பக்கமும் ஒரே அளவு காட்டாது. அதனால் எல்லாத் தண்டையும் ஒரே நிலையில் வைத்து அளக்க வேண்டும்.

வில்லை இழுக்கத் தேவைப்படும் பலம் 40 பவுண்டு என்று வில்லில் எழுதியிருப்பது 28 அங்குலம் இழுத்தால்தான். பத்தாம் வகுப்புப் பையன் 25 அங்குலம் இழுக்கிறான் என்றால், அங்குலத்துக்கு இரண்டு மூன்று பவுண்டு குறைந்து, அவன் கையில் இருப்பது ஏறக்குறைய 32, 33 பவுண்டு வில். ஸ்பைனை அந்தக் கணக்குக்குப் பாருங்கள், வில்லில் எழுதியிருப்பதற்கு அல்ல. வலக்கைக்காரருக்கு அம்பு தொடர்ந்து இடப்பக்கமே போனால் தண்டு விறைப்பு அதிகம், வலப்பக்கம் போனால் குறைவு என்று முதலில் சந்தேகப்படலாம். எடையிலும் கவனம் வேண்டும். 40 பவுண்டு வில்லுக்கு முழு அம்பு 21 முதல் 26 கிராம் வரை இருக்கட்டும். மிகவும் லேசான அம்பு விட்டால் அதிர்ச்சியை வில்லே வாங்கி, வில் உடையக்கூடும்.

செய்யும்போது ஒரு விஷயத்தை விட்டுவிடாதீர்கள். நாக் என்று நாங்கள் சொல்லும், நாண் மாட்டும் பள்ளத்தை வளையக் கோடுகளுக்குக் குறுக்கே அறுக்க வேண்டும். கோட்டோடு கோடாக அறுத்தால் நாண் ஆப்பு வைத்ததுபோல் தண்டைப் பிளந்துவிடும். தண்டின் மேல்பக்கம் தெரியும் கூர்முனைகள் இலக்கைப் பார்த்திருக்க வேண்டும். அப்படியிருந்தால் உடைந்தாலும் பின்பாதியின் கூர் கைக்கு மேலே போகும்.

புதிதாகப் பழகுபவர்களுக்கு நான் சொல்வது மூங்கில். கணுவுக்குக் கணு அதன் நார் இயல்பாகவே நேராக ஓடுகிறது, கடைசல் கம்பில் இருக்கும் சூதாட்டம் இதில் இல்லை. மூன்று வருடமாவது முற்றிய கழியாக, பூச்சி உளுக்காததாகப் பாருங்கள். சின்னத் துளையும் மாவு உதிர்வதும் இருந்தால் வேண்டாம். கணுவை மட்டமாக்குகிறேன் என்று ஆழமாகச் சீவ வேண்டாம், நாக் அடியில் நூல் இறுக்கிச் சுற்றிப் பசை தடவுங்கள். சத்தியமங்கலம், பர்கூர்க் காட்டுக்குள் போய் வெட்டலாம் என்று யாரும் நினைக்கக் கூடாது. 2017இல் சட்டம் திருத்தி விலக்கு தந்தது காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலுக்குத்தான். தோட்டக்காரரிடம் கேட்டு வாங்குங்கள்.

எந்த அம்பானாலும், ஒவ்வொரு முறை எய்யுமுன்பும் முகத்தைவிட்டுத் தள்ளிப் பிடித்து, இரு முனையையும் லேசாக வளைத்துச் சுழற்றுங்கள். நொறுங்கும் ஓசையோ நகத்தில் தட்டுப்படும் கீறலோ இருந்தால் அது முடிந்த அம்பு. கல்லிலோ வேலிக்காலிலோ பட்டு வந்த அம்பை இரண்டு முறை பாருங்கள். கழித்த அம்பை முழுசாக மூலையில் போட்டு வைத்தால் வேறு பிள்ளை எடுத்துப் பூட்டிவிடும், அங்கேயே இரண்டாக ஒடித்துப் போடுங்கள்.