ஹெபடைடிஸ் என்பது காமாலை அன்று

இரத்தப் பரிசோதனை அறிக்கையில் 'ஹெபடைடிஸ் பி' என்று வந்திருக்கும். மருத்துவர் விளக்கத் தொடங்குவார். எதிரே இருப்பவர் பாதியிலேயே, "அது மஞ்சள் காமாலைதானே? எனக்குக் கண் மஞ்சளாக இல்லையே, சிறுநீரும் நன்றாகத்தானே போகிறது" என்று கேட்பார். அறிக்கைதான் தவறு என்று முடிவு செய்துகொண்டு எழுந்து போய்விடுவார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கல்லீரலுக்குள் இருக்கும் ஒரு நோய்க்குக் கண்ணில் தெரியும் ஒரு நிறத்தின் பெயரைக் கொடுத்து வைத்திருக்கிறோம். நிறம் தெரியாதபோது நோயும் இல்லை என்றுதானே அவர் நினைப்பார்?

ஆகவே முதலில் 'காமாலை' என்ற சொல்லைப் பார்த்துவிடுவோம். 'காமலா' என்ற வடசொல்லின் வழியாகத் தமிழுக்கு வந்து, நன்றாக வேரூன்றிவிட்ட சொல் இது. 'காமாலைக் கண்ணனுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்' என்ற பழமொழியே இருக்கிறது. (பொதுவாகக் காமாலைக்காரரின் பார்வை மஞ்சளாவதில்லை. அவர் கண்ணைப் பார்க்கிறவருக்குத்தான் மஞ்சள் தெரிகிறது.) ஆங்கிலத்தில் ஜான்டிஸ் என்பதும் இதே வகைதான், மஞ்சளைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் அடியாகப் பிறந்தது. இரண்டும் நிறப்பெயர்கள்.

அந்த நிறம் எங்கிருந்து வருகிறது? இரத்தச் சிவப்பணுக்கள் ஏறக்குறைய 120 நாள் வாழ்ந்து சிதைகின்றன. அப்போது பிலிரூபின் என்ற நிறமி உண்டாகிறது. கல்லீரல் அதை வாங்கிப் பித்தநீரோடு குடலுக்கு அனுப்பிவிடுகிறது. அனுப்ப முடியாமல் போனால் அது இரத்தத்தில் தேங்கிக் கண்ணின் வெண்படலத்திலும் தோலிலும் மஞ்சளாகத் தெரிகிறது. பித்தக்கல் வழியை அடைத்தாலும் இப்படி ஆகும். சிவப்பணுக்கள் அளவுக்கு மீறிச் சிதைந்தாலும் ஆகும். பிறந்த குழந்தைகள் பலருக்குச் சில நாள்கள் மஞ்சள் தெரிந்து மறைவதும் உண்டு. இவற்றில் எதுவும் ஹெபடைடிஸ் இல்லை. ஆக, காமாலை என்பது ஓர் அறிகுறி. பல நோய்கள் தட்டக்கூடிய ஒரே கதவு.

இனி ஹெபடைடிஸ். இது கிரேக்கச் சொல். 'ஹேபார்' என்றால் கல்லீரல். 'இட்டிஸ்' என்ற விகுதிக்குத் தொடக்கத்தில் 'அதைச் சார்ந்தது' என்பது மட்டுமே பொருள். நோய் என்ற சொல்லை அதனுடன் சேர்த்து, 'கல்லீரலைச் சார்ந்த நோய்' என்றார்கள். பிறகு நோய் என்ற சொல் உதிர்ந்துபோய் விகுதி மட்டும் நின்றது. காலப்போக்கில் அந்த விகுதிக்கே 'அழற்சி' என்ற பொருள் ஏறிவிட்டது. மூட்டழற்சிக்கான ஆர்த்ரைடிஸ், சிறுநீரக அழற்சிக்கான நெஃப்ரைடிஸ் எல்லாம் இதே அச்சில் வார்த்தவை. கவனிக்க வேண்டியது இதுதான்: இந்தப் பெயரில் நிறமும் இல்லை, நச்சுயிரியும் (வைரஸும்) இல்லை. எந்த உறுப்பு, அதற்கு என்ன நேர்ந்திருக்கிறது என்ற இரண்டை மட்டுமே அது சொல்கிறது.

தமிழில் அதைக் 'கல்லீரல் அழற்சி' என்கிறோம். இலங்கை வழக்கில் 'ஈரலழற்சி' என்றும் எழுதுவார்கள். இரண்டும் சரியானவை. இவற்றைவிட நல்ல சொல் வேண்டும் என்று எனக்குத் தோன்றியதில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

நம் மொழியில் ஈரல்கள் மூன்று: நுரையீரல், மண்ணீரல், கல்லீரல். நுரைபோல் காற்றேறியிருப்பது ஒன்று. மூன்றில் கெட்டியானது என்பதால் கல்லீரலுக்குக் கல் சேர்ந்தது என்று கொள்ளலாம். அச்சத்தின் உச்சத்தைச் சொல்ல 'ஈரக்குலை நடுங்கியது' என்கிறோம்; உடலின் ஆழத்தில் இருப்பது என்ற உணர்வு அந்தத் தொடரில் இருக்கிறது. பெயரில் கல் இருந்தாலும் நலமான கல்லீரல் மென்மையானது, வளைந்து கொடுப்பது. ஆண்டுக்கணக்கில் அழற்சி நீடித்தால்தான் அதில் தழும்பு மேல் தழும்பாக ஏறி உண்மையிலேயே இறுகத் தொடங்குகிறது. இன்று மருத்துவமனைகளில் கல்லீரலின் விறைப்பை அளந்து பார்க்கவே கருவி இருக்கிறது. அந்த இறுகிய நிலைக்கு 1819இல் பிரெஞ்சு மருத்துவர் லெனெக் 'சிரோசிஸ்' என்று பெயர் வைத்தார்; பழுப்பு மஞ்சளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து. அங்கேயும் நிறம்தான் பெயராயிற்று! தமிழில் 'இழைநார் வளர்ச்சி' என்று எழுதுகிறார்கள். அது உள்ளே நடப்பதைச் சொல்கிறது என்பதால் அதையே நான் விரும்புகிறேன்.

அடுத்தது அழற்சி. சுழல் என்பதிலிருந்து சுழற்சி, முயல் என்பதிலிருந்து முயற்சி, அதுபோல அழல் என்பதிலிருந்து அழற்சி. அழல் என்றால் தீ. ஆங்கிலம், பிரெஞ்சு போன்ற மொழிகளில் இதற்கு வழங்கும் சொல்லும் சுடரைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்ததே. தமிழ் மருத்துவத்தில் வளி, அழல், ஐயம் என்னும் மூன்றில் அழல் என்பது பித்தம். பித்தநீரைச் சுரக்கும் உறுப்போ கல்லீரல். சொல்லைத் தேர்ந்தவர்கள் இதையெல்லாம் எண்ணினார்களோ இல்லையோ, எவ்வளவு அழகாகப் பொருந்தி வந்திருக்கிறது!

இந்தச் சொல்லை இரண்டு விதமாகக் கெடுக்கிறோம். ஒன்று, 'கல்லீரல் வீக்கம்' என்று எழுதுவது. செய்திகளில் இதை அடிக்கடிப் பார்க்கிறேன். முதலாம் நூற்றாண்டிலேயே ரோமானியரான செல்சஸ் அழற்சிக்கு நான்கு அடையாளங்கள் சொன்னார்: சிவப்பு, வீக்கம், சூடு, வலி. வீக்கம் அந்த நான்கில் ஒன்று. கொழுப்பு சேர்ந்தாலும் கல்லீரல் பெரிதாகும், கட்டி வந்தாலும் பெரிதாகும். வீக்கம் என்று எழுதினால் இவை எல்லாம் ஒன்றாகிவிடும். இன்னொன்று, அழற்சியை 'அழுகல்' என்று கேட்டுக்கொள்வது. ஓசை நெருக்கத்தால் வரும் குழப்பம். 'ஈரல் அழுகிவிட்டதாம்' என்று பேச்சு பரவினால் நோயாளி பாதி உயிராகிவிடுவார். அழற்சி தணியக்கூடியது, அழுகல் அப்படி அன்று. இதை ஒருமுறை நிதானமாகச் சொல்லிக்கொடுத்தால் போதும், யாரும் மறப்பதில்லை.

அழற்சிக்குக் காரணம் மது, சில மருந்துகளின் மிகை அளவு, கொழுப்பு, உடலின் எதிர்ப்பாற்றலே தன்னைத் தாக்குவது என்று பல. அவற்றில் ஒன்றுதான் வைரஸ். இலத்தீனில் வைரஸ் என்றால் நஞ்சு. வடமொழியின் விஷமும் அதுவும் ஒரே வேரில் பிறந்தவை. ஆகவே நாம் விடம் என்று எழுதும்போது வைரஸின் உறவினரைத்தான் எழுதுகிறோம். தமிழில் நச்சுயிரி, தீநுண்மி இரண்டும் வழங்குகின்றன. பழைய பொருளையும் காட்டித் தொற்றும் தன்மையையும் உணர்த்துவதால் நச்சுயிரி என் தேர்வு. வைரஸ் என்று எழுதுவதிலும் தவறில்லை. எல்லாருக்கும் புரிகிற சொல்.

எழுத்துகளுக்கு வருவோம். 1947இல் பிரிட்டிஷ் மருத்துவர் மெக்கல்லம் 'ஏ', 'பி' என்று பிரித்தார். உணவும் நீரும் வழியாகப் பரவுவது ஏ, இரத்தம் வழியாகப் பரவுவது பி. அப்போது இரண்டு நச்சுயிரிகளையும் யாரும் கண்டதில்லை. 1965இல் அமெரிக்க மருத்துவர் பரூக் பிளம்பர்க் ஓர் ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் இரத்தத்தில் கண்ட புதிய புரதத்தைப் பற்றி எழுதினார். அது பி நச்சுயிரியின் மேலுறை என்பது பிறகு தெளிவானது. 1976இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஜூலை 28 உலகக் கல்லீரல் அழற்சி நாளாக இருப்பது அவர் பிறந்த நாள் என்பதால்தான். ஏயும் இல்லாமல் பியும் இல்லாமல் ஒரு நோய் இரத்தம் ஏற்றியவர்களைப் பிடித்தது. அதற்குப் பெயர்கூட இல்லை. 'ஏயும் அல்லாத, பியும் அல்லாத' என்றே பல ஆண்டுகள் எழுதினார்கள். 1989இல் அது சி ஆயிற்று. பி இருந்தால் மட்டுமே பெருகக்கூடியது டி.

இ வகையின் கதை நம் பேச்சுக்கு நேரடிச் சான்று. 1955-56இல் டெல்லியில் குடிநீரில் கழிவுநீர் கலந்து ஏறக்குறைய 29,000 பேருக்குக் காமாலை வந்தது. எல்லாருக்கும் ஒரே மஞ்சள். ஏ வகை என்றே எண்ணினார்கள். 1983இல் ரஷ்ய அறிவியலாளர் பாலயான் நோயாளிகளின் கழிவிலிருந்து எடுத்ததைத் தானே குடித்து, நோய்வாய்ப்பட்டு, புதிய நச்சுயிரியைக் காட்டினார். டெல்லியில் சேமித்து வைத்திருந்த இரத்த மாதிரிகளைப் பின்னாளில் சோதித்தபோது அது இ வகை என்று தெரிந்தது. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் உயிரைப் பறிக்கக்கூடிய வகை அது. மஞ்சள் நிறத்தை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் இந்த வேறுபாடு தெரிந்திருக்காது.

இந்த எழுத்துகளையும் தமிழாக்கி அ, ஆ, இ என்று எழுதலாமே என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். அந்த வரிசையில் சி வகை 'இ' ஆகிவிடும். ஐந்தாவது வகையையோ ஒலியால் ஏற்கெனவே 'இ' என்றுதான் எழுதுகிறோம். இரத்தத்தால் பரவி ஆண்டுக்கணக்கில் தங்குவதையும் தண்ணீரால் பரவிச் சில வாரங்களில் போவதையும் ஒரே எழுத்தால் குறிக்கிற ஆபத்து அது. அறிக்கையில் இருக்கும் எழுத்தும் நோயாளியின் காதில் விழும் எழுத்தும் ஒன்றாக இருக்கட்டும்.

மொழிபெயர்ப்பில் என்னை மிகவும் வருத்துவது 'தீவிர' என்ற அடைமொழி. புதிதாக வந்து சில வாரங்களில் முடியும் அழற்சியைத் 'தீவிரக் கல்லீரல் அழற்சி' என்று எழுதிவிடுகிறார்கள். அதைப் படிப்பவர், மற்றொன்றான 'நாட்பட்ட' வகை தீவிரம் குறைந்தது என்று எண்ணுவார். நிலைமை பெரும்பாலும் தலைகீழானது. ஆறு மாதம் கடந்தும் நச்சுயிரி போகாவிட்டால் அது நாட்பட்டது; இழைநார் வளர்ச்சியும் கல்லீரல் புற்றுநோயும் அந்த வழியில்தான் வருகின்றன. கல்லீரலின் உட்புறத்தில் வலியை உணரும் நரம்பு இல்லாததால் அது முறையிடுவதும் இல்லை. 'குறுங்கால' என்று எழுதினால் இந்தத் தவறு நேராது. காலத்தைச் சொல்லும் இடத்தில் கடுமையைச் சொல்லக் கூடாது.

எல்லாவற்றையும் மஞ்சள் காமாலை என்ற ஒரே சொல்லில் அடைப்பதால் வரும் இன்னொரு தீங்கு, பி வகை உள்ளவரின் தட்டையும் டம்ளரையும் ஒதுக்கி வைப்பது. உணவின் வழியே பரவுவது ஏயும் இயும்தான். பி, சி வகைகள் சேர்ந்து உண்பதாலோ கட்டியணைப்பதாலோ கைகுலுக்குவதாலோ பரவுவதில்லை. இரத்தம், தூய்மையற்ற ஊசி, பகிர்ந்துகொள்ளும் சவரக் கத்தி, உடலுறவு, பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தை என்பவையே அவற்றின் வழிகள். இவை பெயரிலேயே பிரிந்திருந்தால் ஒரு வீட்டில் ஒருவர் தனியாக உட்கார்ந்து சாப்பிட வேண்டியிராது.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022இல் பி வகையோடு வாழ்ந்தவர்கள் 25 கோடியே 40 லட்சம் பேர், சி வகையோடு 5 கோடிப் பேர். பி உள்ளவர்களில் நூற்றுக்கு 13 பேருக்குத்தான் தங்களுக்கு இருப்பது பரிசோதனையில் உறுதியாகியிருந்தது. மற்றவர்களில் மிகப் பலருக்கு எந்த அறிகுறியும் இருந்திருக்காது. சி வகை முதலில் தொற்றும்போதே ஐந்தில் நான்கு பேருக்கு ஒன்றும் தெரிவதில்லை. பி தொற்றைத் தடுக்கத் தடுப்பூசி இருக்கிறது. பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் தவணை போட வேண்டும், ஏனென்றால் சிசுவுக்குத் தொற்றினால் பத்தில் ஒன்பது பேருக்கு அது நாட்பட்டதாகிவிடுகிறது. சி வகைக்குத் தடுப்பூசி இல்லை, ஆனால் 8 முதல் 12 வாரம் மாத்திரை உட்கொண்டால் நூற்றில் 95 பேருக்கு மேல் முற்றிலும் குணமாகிறார்கள்.

ஆகவே எழுதுகிறவர்கள் முதல் முறை 'பி வகை நச்சுயிரிக் கல்லீரல் அழற்சி' என்று முழுதாக எழுதி, பக்கத்திலேயே ஹெபடைடிஸ் பி என்றும் சேர்த்துவிடலாம். அறிக்கையைக் கையில் வைத்திருப்பவர் அடையாளம் கண்டுகொள்வார். கண் மஞ்சளானதை எழுதும்போது மட்டும் காமாலை என்று எழுதலாம். மருத்துவரும் "உங்கள் கல்லீரலில் பி வகை நச்சுயிரி இருக்கிறது, அழற்சி எவ்வளவு என்று பார்க்க வேண்டும்" என்று சொல்லட்டும். அப்படிச் சொன்னால், எழுந்து போக இருந்தவர் உட்கார்ந்து, அதற்கு என்ன பரிசோதனை என்று கேட்பார்.